பன்றிவால் வேர்

ஒத்திலியா மஹின் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு காப்பிக் கன்றுகளை மணல் பாத்தியிலிருந்து பிடுங்கிப் பையில் நடுவாள். அதோடு முந்நூறு, நானூறு கன்றுகளைத் தூக்கியும் எறிவாள். எங்கள் மலையில் அவளுக்குப் பேர் வந்தது நட்டதால் இல்லை, எறிந்ததால்தான்.

மணலில் முளைத்த கன்றுக்கு இரண்டு இலை விரிந்ததும் பிடுங்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து வேரைப் பார்க்க வேண்டும். நேராக இறங்கியிருந்தால் பைக்குள். நுனி சுருண்டு பன்றிவால் மாதிரி இருந்தால் குப்பைக்கு. இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கண் இருந்தால் போதும். ஆனால் பன்றிவால் கன்றிடம் ஒரு திருட்டுத்தனம் உண்டு. நட்டுவிட்டால் அதுவும் மற்றக் கன்றுகளோடு சேர்ந்து பச்சைப்பசேலென்று வளரும். இரண்டு வருஷம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது வருஷம் கொப்பெல்லாம் காய் பிடித்து, வேருக்கு வேலை வரும்போதுதான் மஞ்சளடித்து, காயோடு நின்றபடியே செத்துப்போகும்.

நாற்றுப் பண்ணை முதலாளி எலியேசர், குப்பைக் குவியலைப் பார்த்துப் பெருமூச்சு விடாத நாளில்லை. "தோன்யா ஒத்திலியா, பச்சையாத்தானே இருக்கு" என்பார். எங்கள் ஊரில் அம்மா என்பதற்குத் தோன்யா, ஐயா என்பதற்குத் தோன்.

"தலை பச்சையாத்தான் இருக்கும். உங்க மச்சினர்கூடத்தான் ஞாயித்துக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில பூசைக்கு வர்றார்" என்பாள் அவள். மச்சினரின் யோக்கியதை ஊருக்கே தெரியும் என்பதால் எலியேசர் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அவளே வெளியூர் நாற்றுதான். பத்தொன்பது வயதில் காவ்கா மாகாணத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன், கிழக்கே சமவெளியில் மூன்று மாத வேலை என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மூன்று மாதத்துக்கு இப்போது இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் காத்திருக்கவெல்லாம் இல்லை. அவன் விட்டுப்போன கால்சட்டைகளைக் கிழித்துப் பாத்திக்கு நிழல்துணி தைத்துவிட்டாள். சொந்தம் என்று சொல்ல நேய்வா நகரத்தில் ஒரு தங்கை, நூபியா. ஒரு தம்பி.

எங்கள் பேச்சில் நாற்றைப் பிடுங்கி நடுவதற்கும், ஒருத்தர் சிறுநீரகத்தை எடுத்து இன்னொருத்தருக்கு வைப்பதற்கும் ஒரே வார்த்தைதான். திராஸ்பிளாந்தே. ஒரு ஏப்ரல் மாதச் செவ்வாய்க்கிழமை, நேய்வாவில் தம்பியின் சிறுநீரகத்தை நூபியாவுக்கு வைத்தார்கள். இங்கே ஒத்திலியா பாத்தி ஓரத்தில் ஒரு தகர டப்பாவுக்குள் போனை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு நட உட்கார்ந்தாள். கை பிடுங்கியது, கை நட்டது. கண் மட்டும் டப்பாவை விட்டு நகரவில்லை. சோறு இறங்கவில்லை. நாலு மணிக்கு நூபியாவின் புருஷன் கூப்பிட்டான். "பிடிச்சிருச்சுக்கா. ஒண்ணுக்குப் போக ஆரம்பிச்சுட்டா" என்றான்.

ஒத்திலியா அழுதாள். முந்தானை இல்லாத ஊர் என்பதால் தொப்பியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் பக்கத்தில் பார்த்தாள். வலது பக்கம் ஆயிரத்து இருநூறு பைகள், வரிசை பிசகாமல். இடது பக்கம், குப்பை விழ வேண்டிய இடத்தில், ஒரு கன்றுகூட இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். எலியேசர் ரெண்டு சத்தம் போட்டிருப்பார், பைகளைக் கொட்டியிருப்பார்கள், அத்தோடு முடிந்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டது திட்டுக்குப் பயந்து இல்லை. வேரைப் பார், வேரைப் பார் என்று மலையையே வறுத்தெடுத்தவள் அவள். அந்த வாயால் 'நான் வேரைப் பார்க்கவில்லை' என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. நாளைக்கு, நாளைக்கு என்று ஆறு மாதம் ஓடிவிட்டது. இந்தப் பைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாத எவனுக்காவது போகட்டும் என்று மாதாவிடமே வேண்டிக்கொண்டாள். மாதா கண்டுகொள்ளவில்லை. அக்டோபரில் அந்த ஆயிரத்து இருநூறு பைகளையும் ஏற்றிக்கொண்டு போனவர் ஆர்செசியோ சிலித்தோ. அவள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் வழியிலேயே அவர் தோட்டம்.

ஆர்செசியோ பெண்டாட்டி செத்து ஒன்பது வருஷமான ஆள். அவரோடு வாக்குவாதம் பண்ண வீட்டில் ஒரு சேவல் மட்டும் இருந்தது. பழைய தோட்டத்தை இலைத்துரு நோய் தின்றுவிட்டதால் எல்லாவற்றையும் வெட்டிப்போட்டுவிட்டு இந்தக் கன்றுகளை வைத்தார். அவருக்கு இருந்ததே அந்தக் கால் ஹெக்டேர்தான். அதில் காய்த்தால் சாப்பாடு, இல்லையென்றால் அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறிக்க வேண்டும். அறுபத்தொரு வயதில் அது லேசான காரியமில்லை.

மாதம் ஒருமுறை பூசை முடிந்து வரும்போது ஒத்திலியா அவர் வேலிக்குள் நுழைந்தாள். கன்றின் தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள். வேர் கோணலாக இருந்தால் கொஞ்சம் அசையும். ஆனால் மழைக்கால மண்ணில் எல்லாமே கொஞ்சம் அசையும். என்ன பார்க்கிறீர்கள் என்று ஆர்செசியோ கேட்டார். எறும்பு, என்றாள்.

எறும்பு பார்க்க ஒரு பெண்பிள்ளை இவ்வளவு தூரம் வருவாளா? ஆர்செசியோ யோசித்தார். அடுத்த தடவை காப்பி போட்டுக் கொடுத்தார். பாதிக்குப் பாதி வெல்லம். இரண்டு மிடறு குடித்துவிட்டு, அவர் திரும்பிய நேரத்தில் மீதியை ஒரு கன்றின் அடியில் ஊற்றிவிட்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். பண்ணைக்காரி செய்தால் காரணம் இருக்கும் என்று, ஒரு மாதம் நாலு கன்றுக்குத் தினமும் காப்பி ஊற்றினார்.

இரண்டாவது வருஷம் மாதம் ஒருமுறை என்பது வாராவாரம் ஆனது. அங்கே டாக்டர்கள் நூபியாவின் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அக்காள் மரத்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆர்செசியோ ஞாயிறுதோறும் சவரம் செய்துகொண்டார். சந்தையிலிருந்து இரண்டாவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். ஊர் சும்மா இருக்குமா? பூசைக்கு ஆளேற்றிப் போகும் வண்டிக்காரன் அவள் கேட்காமலேயே அவர் வேலியருகே நிறுத்தி, "இறங்குங்க தோன்யா, எறும்பு காத்துக்கிட்டிருக்கு" என்றான். அவள் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் இறங்கினாள்.

மூன்றாவது வருஷம் கொப்பெல்லாம் காய். ஆர்செசியோ வரிசை வரிசையாக அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஆகஸ்ட்டில் மழை நின்றது. முதலில் பத்து மரம் மஞ்சளானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறுபது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திலியா எண்ணவில்லை. நாலுக்கு ஒன்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக, காய் சுருங்கித் தொங்கியது. ஊரில் கண்ணேறு என்றார்கள். பௌர்ணமியில் நட்டிருப்பான் என்றார்கள்.

ஆர்செசியோ யாரையும் குற்றம் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் கைராசி இவ்வளவுதான். அவ கை வச்சாத்தான் எதுவும் வரும். அவளோட போயிடுச்சு" என்றார். ஒத்திலியாவுக்கு நம் தப்பை இந்த மனுஷன் தன் செத்துப்போன பெண்டாட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறாரே என்று இருந்தது.

எழுந்து போய் ஒரு மஞ்சள் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கினாள். வாளித் தண்ணீரில் வேரைக் கழுவி அவர் மடியில் வைத்தாள். விரல் தடிமனில், சுருண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நின்றது வேர்.

"உங்க கை இல்ல தோன் ஆர்செசியோ. என் கை. தங்கச்சிக்கு ஆபரேஷன் ஆன அன்னைக்கு நான் வேரைப் பார்க்காம நட்டேன்."

அவர் வேரை அப்படியும் இப்படியும் திருப்பினார். "எப்போ தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே."

"அப்போ நீங்க வாராவாரம் வந்ததெல்லாம் மரத்தைப் பார்க்கத்தானா?"

ஒத்திலியா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். எறும்புதான் அவள் சொன்ன ஒரே பொய். "முதல் வருஷம் மரத்துக்குத்தான்" என்றாள்.

அவர் மரத்தைக் கீழே வைத்தார். இரண்டாவது நாற்காலியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை எலியேசரிடம் சொன்னாள். ஆர்செசியோவுக்குக் கன்று நான் சும்மா தந்துவிடுகிறேன், வெளியே மட்டும் மூச்சு விடாதீர்கள் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மத்தியானத்துக்குள் கன்று வாங்க நின்ற அத்தனை பேரிடமும் அவளே சொல்லிவிட்டாள். அவர் கோபத்தில் அவளைப் பைக்கு மண் அள்ளிப்போடும் வேலைக்குத் தள்ளினார். ஒரு வாரம் கழித்து, புதிதாக நட உட்கார்ந்தவர்கள் ஒரு கன்றைக்கூடக் கழிக்கவில்லை என்பதைப் பார்த்துப் பயந்துபோய்த் திரும்பக் கூப்பிட்டார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் சுற்றுவழியில் பூசைக்குப் போனாள். வழியில் எதிர்ப்பட்ட வண்டிக்காரன் எறும்புப் பேச்சை எடுக்காமல் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். அது அவளுக்குக் கிண்டலைவிட மோசமாக இருந்தது.

அக்டோபர் மழை இறங்கிய வாரம் ஆர்செசியோ பண்ணைக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. முந்நூறு கன்று கேட்டார். எல்லார் முன்னாலும் ஒரு பையைக் கிழித்து, மண்ணை உதறி, கன்றைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அது அவர் உரிமை, ஒத்திலியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். இரண்டாவது பையைக் கிழித்தார். மூன்றாவதையும் கிழித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "எனக்கு இதுல ஒண்ணும் தெரியல. ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக் குடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது இரண்டு நாற்காலியும் வெளியே இருந்தன. செத்த மரங்களைப் பிடுங்கி எரித்திருந்தார். அவர் குழி தோண்ட, அவள் ஒவ்வொரு பையாகக் கிழித்து வேரைப் பார்த்துக் கொடுத்தாள். பத்துப் பதினைந்து கன்று குழிக்குள் இறங்கியது.

"முதல் வருஷம் மரத்துக்குன்னு சொன்னீங்க. ரெண்டாவது வருஷம்?" என்றார், குழிக்குள் பார்த்தபடியே.

"அதுவும் பாதி மரத்துக்குத்தான்."

அவர் இன்னும் ரெண்டு குழி தோண்டினார். "மூணாவது வருஷம்?"

ஒத்திலியா கையிலிருந்த கன்றின் வேரைத் திருப்பிப் பார்த்தாள். நேராக இருந்தது. அவரிடம் நீட்டினாள்.

"மூணாவது வருஷம் நீங்க குடுத்த காப்பியை நான் கீழ ஊத்தவே இல்ல. கவனிக்கலையா?"

"கவனிச்சேன்" என்று சொல்லிவிட்டு ஆர்செசியோ கன்றை வாங்கிக்கொண்டார்.