காலிபரைக் கழற்றிய ஞாயிறு

மாலை ஐந்தரை மணிக்கு மேல் காரைக்கால் கடற்கரையில் தினமும் உலகத்துக்குத் தீர்ப்பு எழுதப்படும். எழுதுகிறவர்கள் நாங்கள் நாலு பேர்தான். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து சுண்டல் தின்றபடியே உலகம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வோம். மறுநாள் வந்து, நேற்றைவிட இன்னும் கெட்டுவிட்டது என்போம்.

மற்ற மூன்று பேரும் சொல்வதில் பாதி உண்மை என்பதால் நான் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. வெயில் முன்பு இப்படிக் கொளுத்தியதில்லை. ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் நாற்று கருகிவிடுகிறது. கோட்டுச்சேரிமேட்டு மீனவர்கள் வலையை உதறினால் மீனோடு பிளாஸ்டிக் பையும் விழுகிறது. இதையெல்லாம் இல்லை என்று சாதிக்க எனக்கு ஒன்றும் பைத்தியம் பிடிக்கவில்லை. என் பிழைப்பையே இந்தக் காலம் ஒருமுறை விழுங்கியிருக்கிறது. ஊனமுற்றவன் என்பதால் எனக்குக் கிடைத்த எஸ்.டி.டி. பூத்தைப் பல வருடம் நடத்தினேன். செல்போன் வந்ததும் இழுத்துப் பூட்டிவிட்டு ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப்போட்டேன். அதற்காகக்கூட நான் காலத்தைச் சபித்ததில்லை. திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்து, துபாயில் இருக்கும் கணவனிடம் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அழுத பெண்களை நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மகள்கள் இன்று கணவன் முகத்தைப் பார்த்தே சண்டை போடுகிறார்கள். போடட்டும்.

நான் சொல்ல வந்தது போன வருடம் ஒரு வியாழக்கிழமை நடந்தது. கடற்கரைச் சாலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை போலியோ சொட்டு மருந்து முகாம், ஐந்து வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள் என்று அறிவித்துக்கொண்டே போனது. என் பக்கத்தில் இருந்த நண்பன் சிரித்தான். அவன் ஓய்வுபெற்ற வாத்தியார். கோட்டுச்சேரியில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன்.

"அந்தக் காலத்துல ஏதுடா இத்தனை நோயி? ஊசி உண்டா, மருந்து உண்டா? பழைய சோத்தத் தின்னுட்டு கல்லு மாதிரி இருந்தோம். எல்லாம் இப்பத்தான் கெட்டுப்போச்சு."

மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவன் இதைச் சொல்லும்போது அவனுடைய கை என் வலது முழங்காலின் மேல் இருந்தது. அந்த முழங்காலைச் சுற்றி இருப்பது ஒரு காலிபர். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் நாலு தோல் பட்டைகள், கீழே உயரம் கூட்டிய பூட்ஸ். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு ஒருவன் கல்லு மாதிரி இருந்தோம் என்கிறான்.

 அவன் அதோடு விடவில்லை.

"எங்க பேரனுக்குப் பொறந்ததுலேர்ந்து ஒண்ணுமே போடல, தெரியுமா? பையன் கண்டிப்பா சொல்லிட்டான். அந்தக் காலத்துப் புள்ள மாதிரியே வளக்குறோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் காலத்துப் புள்ளைன்னா யாருடா? நான்தானே? ஆறு வருஷம் என்னைச் சைக்கிள்ல வெச்சு மிதிச்சியே, எதுக்குன்னு நெனச்ச? நான் கல்லு மாதிரி இருந்ததுக்கா?" என்று கத்தினேன். சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் கோபப்படவில்லை. சமாதானமாக, "உனக்கு அது விதிடா. எல்லாருக்குமா வந்துச்சு?" என்றான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். 

எல்லோருக்கும் வரவில்லை. சரி. எனக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியபோது வலது காலும் அதோடு சேர்ந்து விழுந்துவிட்டது. என்னைப் பெற்ற உம்மா பார்க்காத வைத்தியம் இல்லை. எண்ணெய் தேய்த்தார்கள், ஓதி ஊதினார்கள், தண்ணீர் மந்திரித்துக் கொடுத்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று கடற்கரைக்குத் தூக்கிவந்து, ஈர மணலில் குழி தோண்டி என்னை இடுப்பு வரை புதைத்து நிறுத்துவார்கள். நாலு வயது வரை அது நடந்ததால் எனக்கே கொஞ்சம் நினைவிருக்கிறது. மணல் இறுகும். நான் அலறுவேன். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் சுண்டல் தின்னும் பெஞ்சிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இதெல்லாம் நடந்தது.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பிலேயே என்னோடு சேர்த்து இப்படி மூன்று பேர். எங்களுக்குப் பெயர்கள் இருந்தன, வருகைப் பதிவேட்டில் மட்டும். வெளியே பெரிய நொண்டி, சின்ன நொண்டி, தவக்களை. தவக்களை என்று கூப்பிடப்பட்டவன் பூவம் கிராமத்துப் பையன். இரண்டு காலும் இல்லாத மாதிரிதான். கைகளில் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தவழ்ந்தே வகுப்புக்குள் வருவான். ஐப்பசி மழையில் அவன் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சேறாக இருக்கும். சுத்தமாக வரத் தெரியாதா என்று ஒரு வாத்தியார் அவனைப் பிரம்பால் அடித்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிலர் சிரித்தார்கள். ஏழாம் வகுப்போடு அவன் நின்றுபோனான். எங்கே போனான், என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் விசாரிக்கவுமில்லை. பெஞ்சில் அடிக்கடி சொல்வார்கள், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட இப்போது யாருக்கும் தெரிவதில்லையாம், அந்தக் காலத்தில் மனிதர்களுக்கு ஈரம் இருந்ததாம். 

என் நண்பனுக்கு ஈரம் இருந்தது. அதை மறுத்தால் நான் நன்றி கெட்டவன். கோட்டுச்சேரியிலிருந்து அவன் பள்ளிக்கு வரும் வழியில்தான் எங்கள் தெரு. தினமும் வாசலில் பெல் அடித்து, என்னைக் கேரியரில் தூக்கி உட்காரவைத்து மிதிப்பான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அந்த வருடங்களைப் பற்றிப் பேசினால் அவனுக்கு முகத்தில் அடித்த காற்று ஞாபகம் வருகிறது. எனக்கு ஞாபகம் வருவது பயம். அவனுக்குத் தலைவலி என்றால் எனக்கும் அன்று பள்ளிக்கூடம் கிடையாது. பரீட்சை நாட்களில் அவன் உடம்புக்கு எதுவும் வரக்கூடாது என்று என்னுடைய உம்மா அல்லாவிடம் துஆ கேட்பார்கள். இதை நான் அவனிடம் சொன்னதே இல்லை.

இப்போது என்னைப் போன்ற கால்கள் எங்கே? காலிபர் பழுதானால் நான் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போகிறேன். அங்கே அதைச் செய்துதரும் ஆள் போன தடவை ரொம்ப வருத்தத்தோடு சொன்னார், "உங்கள மாதிரி ஆளுங்க வர்றதே இல்ல சார். எல்லாம் ஆக்ஸிடென்ட் கேஸ்தான். சின்னப் பசங்களுக்கு இது செஞ்சு எத்தனையோ வருஷமாச்சு." எனக்கு அன்று குடித்த டீ இனித்தது. ஒரு தொழில் நசிந்துபோகிறது என்று கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். இன்னொரு நாள் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு அம்மாவின் பையன், நாலு வயது இருக்கும், குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இது ரோபோ காலா?" என்றான். அந்த அம்மா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினார். நான் அவனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். நொண்டி என்ற வார்த்தை அவனுக்கு வரவில்லை, ஏனென்றால் அவன் அதற்கு முன் ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை.

இதுதான் என் ஆத்திரம். சும்மா கிடைத்ததா இது? வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிய சுகாதாரப் பெண்கள், பஸ் ஸ்டாண்டில் சொட்டு மருந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள், இவர்களை வெயிலில் விரட்டி விரட்டி உழைக்க வைத்துக் கிடைத்தது. கிடைத்ததும் நோய் மறைந்தது. மறைந்ததும் நோயே இருந்ததில்லை என்று ஆகிவிட்டது. கடைசியில் அது ஒரு பொற்காலமாகி, குழந்தையை அங்கே திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, மூன்று சக்கர ஸ்கூட்டரில் கோட்டுச்சேரிக்குப் போனேன். கைலி கட்டிக்கொண்டுதான் போனேன். நண்பனின் மனைவி, "வாங்கண்ணே, வியாழக்கெழம ஏதோ சத்தமாமே ரெண்டு பேருக்கும்?" என்று சிரித்துவிட்டு டீ போட உள்ளே போனார். நண்பன் பேப்பர் படிப்பது மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் மகன் சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன், ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய மனைவி, குழந்தையோடு வந்திருந்தான். நல்ல பையன். எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப்போட்டான். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நான் எல்லாம் பாத்துட்டுத்தான் முடிவெடுத்தேன் அங்கிள்," என்றான். "நம்ம நாட்டுல இப்ப போலியோவே கெடையாது. இல்லாத நோய்க்கு எதுக்கு மருந்து? இயற்கையா விட்டா ஒடம்பே பாத்துக்கும். முன்னாடியெல்லாம் அப்படித்தானே இருந்தாங்க?"

என்னிடம் பதில் இருந்தது. பக்கத்து நாடுகளில் இன்னும் இருக்கிறது, விமானம் ஏறி வந்துவிடும் என்றெல்லாம் ஞாயிறு முகாம்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் ஒன்று சொன்னால் அவன் போனை எடுத்து ஒன்பது காட்டுவான் என்று தெரிந்தது. அப்போதுதான் குழந்தை தவழ்ந்து வந்தது. பத்து மாதம். என் பூட்ஸைத் தட்டிப் பார்த்தது. பிறகு காலிபர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொடை நடுங்க நடுங்க எழுந்து நின்றது. நின்றுவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "முன்னாடியெல்லாம் எப்படி இருந்தாங்கன்னு நான் காட்டுறேன் தம்பி," என்று சொல்லிக் கைலியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினேன். பெண்கள் இருக்கிற இடத்தில் செய்கிற காரியமில்லை, தெரிந்துதான் செய்தேன். மருமகள் குழந்தையை எடுத்துக்கொண்டாள். நாலு பட்டைகளையும் அவிழ்த்து, பூட்ஸோடு காலிபரைக் கழற்றித் தரையில் போட்டேன். டைல்ஸ் தரையில் டங்கென்று விழுந்தது.

விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டு ஆட்களையும் காலிபர் செய்பவரையும் தவிர வேறு யாரும் அந்தக் காலை வெறுமையாகப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கே முழுக்கால் சட்டைதான் போட்டுப் போவேன். சதை என்று ஒன்றும் கிடையாது, முருங்கைக்காய்தான். தோல் நீலம் பாய்ந்திருக்கும். பட்டை அழுத்திய இடங்களில் வளையம் வளையமாகக் கறுத்திருக்கும். நண்பன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டான்.

"நான் பாத்ததே இல்லயேடா," என்றான்.

"நீ கேட்டதே இல்லடா," என்றேன். 

மருமகள் கிட்டே வந்தாள். "தொட்டுப் பாக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள். தொட்டாள். அந்த வெயில் காலத்தில், ரத்தம் சரியாக ஓடாத அந்தக் கால் அவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டாள், கையைச் சட்டென்று எடுத்தாள். பிறகு மறுபடியும் வைத்தாள்.

"மருந்து எத்தனை மணி வரைக்கும் குடுப்பாங்க?"

"சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்கம்மா. உங்க தெருமுனை அங்கன்வாடியிலதான்."

"இரு, நாம பேசிக்கலாம்," என்றான் அவள் கணவன்.

"நீங்க பேசிக்கிட்டு இருங்க," என்று சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வெயிலு, வெயிலு என்று சொல்லிக்கொண்டே என் நண்பன் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினான்.

கூடத்தில் நானும் அந்தப் பையனும்தான் மிச்சம். அவன் முகம் சிவந்திருந்தது. "இது எமோஷனல் பிளாக்மெயில் அங்கிள்," என்றான்.

"ஆமாம் தம்பி," என்றேன். "என்கிட்ட இருக்குற ஒரே சாட்சி இதுதான். நாங்கல்லாம் போயிட்டா இதுவும் இருக்காது. அப்பறம் நீங்க என்ன வேணாலும் சொல்லலாம்."

  அவன் எனக்கு எடுத்துக் கொடுப்பதற்காகக் குனிந்து ஒரு கையால் காலிபரைத் தூக்கினான். அது அவ்வளவு கனக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நிமிர்வதற்குள் இரண்டாவது கையையும் கொடுக்க வேண்டியிருந்தது.