தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு ‘ம்’

வாஷிங் மெஷினின் அடியில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது அந்த வீட்டில் அவள் வேலை. கணவன் மெஷின் மெக்கானிக்தான். ஊரில் உள்ள மெஷினுக்கெல்லாம் வயிற்றைத் திறந்து வைத்தியம் பார்க்கிறவன், சொந்த வீட்டு மெஷின் என்றால் மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பான். அதனால் அவளே பின்கட்டு அறையின் தரையில் உட்கார்ந்து, பழைய துணியை விரித்து, மூடியைத் திருகி, தேங்கிய தண்ணீரை வடியவிட்டு, நூலும் முடியும் உடைந்த பொத்தானுமாய்த் திரண்டிருந்த அழுக்கு உருண்டையை விரலால் நோண்டிக்கொண்டிருந்தாள். அலமாரி மேலிருந்த ரேடியோவில் பாட்டு நின்று பேச்சு வந்தது. பேசியது அவளுடைய அண்ணன்.

"அன்னைக்கு நல்ல மழை. அப்பா போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. பாலத்து மேல தனியா நின்னேன். கீழே தண்ணி ஓடுது. அந்தச் சத்தத்துலதான் இந்த மெட்டு எனக்குள்ள இறங்குச்சு."

பேட்டி எடுத்த பெண் "அடடா" என்றாள். அந்தப் பெண்ணின் குரல் கரகரத்தது.

வடிகட்டி தரையில் போய் விழுந்தது. அழுக்குத் தண்ணீர் சுவர் வரைக்கும் தெறித்தது.

தேநீர்க் கோப்பையோடு வாசலில் வந்து நின்ற கணவன் காலைத் தூக்கிக்கொண்டான். "எந்தப் பாலம்? மச்சானுக்கு மாடி ஜன்னல்ல எட்டிப் பார்த்தாலே தலை சுத்துமே."

"சும்மா இருங்க."

"இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்ட என்னைக் கூப்பிடுற மனுஷன்..."

அவள் சிரிக்கவில்லை. அந்த மெட்டு எந்தப் பாலத்திலும் பிறக்கவில்லை. இதே அறையில், இதே மெஷினில் பிறந்தது. அப்போது அப்பா உயிரோடு பக்கத்து அறையில் படுத்திருந்தார்.

அவளை வாத்தியக்காரர்கள் இடி என்று கூப்பிடுவார்கள். கோபத்துக்காக வைத்த பெயர் என்று சிலரும், டிரம்ஸுக்காக வைத்த பெயர் என்று சிலரும் சொல்வார்கள். இரண்டும் பொருந்தும். கல்யாணத்துக்கு முன் ஒரு ஆயத்த ஆடைக் கூடத்தில் சட்டைக் காலர் தைத்தாள். நாள் முழுக்கப் பெடலை மிதித்ததில் வலது கால் அவள் பேச்சைக் கேட்கப் பழகியது. அண்ணன் அப்போது ஒரு ஓட்டலில் லிஃப்ட் இயக்கிக்கொண்டே சாக்ஸபோன் கற்றுக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு ஜாஸ் குழு தொடங்கியபோது அவளை டிரம்ஸுக்கு உட்கார வைத்தான். அவள் கையில் தாளம் இருந்ததால் என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னான். உண்மையான காரணத்தை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருந்தான். "வெளி ஆளுன்னா நேரத்துக்கு வரமாட்டான். தங்கச்சின்னா வீட்டுலயே இருப்பா, தேடிப் போக வேண்டியதில்லை."

தேடிப் போக வேண்டாதவள் என்பதால் அவள் எங்கே உட்காருவாள் என்றும் யாரும் யோசிக்கவில்லை. குழு முதலில் வாசித்தது அண்ணன் வேலை பார்த்த ஓட்டலின் கூடத்தில்; அங்கே மேடையின் நடுவே ஒரு பெருத்த தூண் இருந்தது. பியானோவை நகர்த்த முடியாது. சாக்ஸபோனும் பாஸ் கிதாரும் முன்னால் நிற்க வேண்டும். மிச்சம் இருந்த இடம் தூணுக்குப் பின்னால்தான். மேலாளருக்கு அதில் சந்தோஷம். "பொம்பளை கால் அகட்டி உட்கார்ந்து கொட்டுறதை நம்ம விருந்தாளிங்க பார்க்க வேண்டாம் பாருங்க" என்றார். அவள் ஒரு குச்சியைத் தூணின் மேல் வீசினாள். அது திரும்பி வந்து பியானோக்காரர் தலையில் பட்டது. மன்னிப்பு கேட்டது பியானோக்காரரிடம் மட்டும்.

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்ததால் ஒரு பழக்கம் வந்தது. அண்ணன் கூட்டத்தைப் பார்த்து நிற்பான். அவள் முகம் தெரியாது, கை தெரியாது. எப்போது ஊதத் தொடங்குவது என்று எப்படிச் சொல்வது? அவள் தொண்டைக்குள்ளிருந்து சின்னதாக ஒரு ‘ம்’ கொடுப்பாள். பாரம் தூக்குகிறவர்கள் மூச்சை அடக்குவதற்கு முன் எழுப்பும் சத்தம் போல. அந்த ‘ம்’ கேட்டதும் அவன் ஊதுவான். ஓட்டலை விட்டு, பெரிய மேடைகளுக்குப் போய், தூணே இல்லாத இடங்களில் வாசித்தபோதும் அந்தப் பழக்கம் மாறவில்லை. தாளத்தை அவன் எண்ணவே இல்லை. எண்ணுவது தங்கையின் வேலை, ஊதுவது அண்ணனின் வேலை.

மெட்டு போடுவதிலும் அவர்களுக்கென்று ஒரு வழி இருந்தது. அவளுக்கு இசைக்குறிப்பு எழுத வராது. பாடிக் காட்டுவாள். பாஸ் வாசித்த நெட்டையனிடம் போய் அவன் பங்கை அடித்தொண்டையில் பாடுவாள். பியானோவுக்கு ஒன்று, சாக்ஸபோனுக்கு ஒன்று. ஆளாளுக்குத் தனித்தனியாக, சில நாள் பேருந்தில், சில நாள் அவரவர் வீட்டு வாசலில். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் அது ஒரு பாட்டு என்று அவர்களுக்கே தெரியும். குழுவின் நல்ல பாட்டுகளில் பாதிக்கு மேல் அப்படி வந்தவை. இசைத்தட்டு வந்தபோது அத்தனைக்கும் கீழே, இசை: அண்ணன்.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இல்லை. இசைத்தட்டுக் கம்பெனிக்கே போய்க் கேட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர் போலவே சிரித்தார். "டிரம்ஸ் வாசிக்கிறவங்க தாளம் போடுவாங்கம்மா. மெட்டு எப்படிப் போடுவாங்க? அதுல சுரமே இல்லையே."

"தொண்டை இருக்கு" என்றாள் அவள். "பாடிக் காட்டட்டுமா? இந்தக் கட்டடத்துல எத்தனை கண்ணாடி இருக்கு?"

அண்ணனிடம் கேட்டபோது அவன் கோபப்படவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "நமக்குள்ள என்ன உன் பேரு, என் பேரு? ஒரே வயித்துல பிறந்தவங்க. அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம்" என்றான். அடுத்த பதிப்பு வந்தது. அதற்கடுத்த பதிப்பும் வந்தது. ஒரே வயிற்றில் பிறந்ததில் அவன் பெயர் மட்டும் வெளியே வந்தது.

ரேடியோவில் அவன் பேசிய அந்த ஒரு பாட்டு எல்லாவற்றையும் தாண்டிப் போனது. அண்ணன் அதற்கு ‘மழைக்குப் பின்’ என்று பெயர் வைத்தான். குழுவில் அதற்குப் பெயர் ‘நொண்டி’. அப்பா படுத்த படுக்கையாகி அவள் வீட்டுக்கு வந்திருந்த காலம். தினமும் விரிப்பு, போர்வை, வேட்டி. ஈரத்தில் கனத்த விரிப்பு ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ள, ஒரு கால் குட்டையான மெஷின் நொண்டிக்கொண்டே சுற்றும். தட், தட், ததட், நடுவில் ஒரு இழுப்பு, மறுபடி தட். கணவன் கட்டையைச் செதுக்கிக் காலுக்கு முட்டுக்கொடுக்க வந்தான். "தொட்டீங்கன்னா தெரியும். பாட்டு முடியட்டும், அப்புறம் காலை வைங்க" என்று விரட்டினாள். மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு பாடிப் பாடி அந்த இழுப்புக்குள் ஒரு மெட்டை உட்கார வைத்தாள்.

பக்கத்து அறையிலிருந்து அப்பா கத்தினார். "அந்தச் சனியனை நிறுத்தித் தொலையேன். எனக்கு மண்டைக்குள்ள குதிரை ஓடுது."

"உங்க விரிப்புதான் ஓடுதுப்பா."

அண்ணன் அப்போது, கையசைத்து நடத்துகிறவர் இருக்கும் வேறொரு பெரிய குழுவோடு வெளியூர்க் கச்சேரிகளில் இருந்தான். திரும்பினால் பழம் வாங்கிக்கொண்டு வருவான். அறை வாசலில் நின்று மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, "எப்படிப்பா இருக்கீங்க?" என்பான். பழத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவான். அப்படி ஒரு நாள் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி அவனுக்கு ‘நொண்டி’யின் மேல்மெட்டைப் பாடிக் காட்டினாள். இப்போது அதற்குப் பாலம் வந்துவிட்டது. ஆறு வந்துவிட்டது. அப்பாவை முன்கூட்டியே சாகடித்தும் ஆகிவிட்டது.

ரேடியோ பேட்டி முடிவதற்குள் நெட்டையன் தொலைபேசியில் கூப்பிட்டான். கம்பெனி அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்கிறது, அதற்குத்தான் இந்தப் பேட்டி என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"உன்னைக் கூப்பிடலையா இடி? நான் நெனச்சேன், நீதான் கோவிச்சுக்கிட்டு வரலைன்னு."

"டிரம்ஸ் யாரு?"

"இசைக் கல்லூரியில படிச்சவர். நல்லா வாசிக்கிறார், பொய் சொல்லக்கூடாது. ஆனா உங்கண்ணன்தான்..." நெட்டையனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வாயில சாக்ஸபோனை வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிறவர் மாதிரி நிக்கிறார். பாட்டு வருது, போகுது, இவர் ஏற மாட்டேங்கிறார். நேத்து முழுக்க அப்படியே போச்சு. பழைய ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுப் பழகலாம்னா அதுலயும் உன் ‘ம்’ இல்ல. மறுபடி வெளியிட்டப்போ அழுக்குச் சத்தம்னு சொல்லித் துடைச்சுட்டாங்களாமே."

"அழுக்கா?"

"நான் சொல்லலைம்மா. கம்பெனி சொன்னது."

அவள் போனை வைத்தபோது கணவன் அவள் முகத்தைப் பார்த்து, மேசை மேலிருந்த தேநீர்க் கோப்பைகளை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

மறுநாள் காலை அண்ணன் வந்தான். பழம் இருந்தது. கணவன் நாற்காலி போட்டான். அண்ணன் உட்காராமல் நேரே பின்கட்டு அறைக்கு வந்து, மெஷினில் துணி போட்டுக்கொண்டிருந்த தங்கையின் பின்னால் நின்றான்.

"என்ன இடி, எப்படி இருக்கே?"

"எதுக்கு வந்தே, அதைச் சொல்லு."

"ஏன், தங்கச்சியைப் பார்க்க வரக்கூடாதா?" என்றவன், அவள் திரும்பாததைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தான். "ஒண்ணும் பெரிசா இல்ல. நீ அலைய வேண்டாம்னுதான் நானே வந்தேன். இதுல ஒரு தடவை, பாட்டு தொடங்குறதுக்கு முன்னால கொடுப்பியே, அந்த ‘ம்’. அதை மட்டும் சொல்லு. அவங்க அதை எடுத்து வச்சுக்குவாங்க."

கதவருகே நின்ற கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவள் திரும்பினாள். குரல் உயரவில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "முதல்ல என் பாட்டை எடுத்தே. அப்புறம் என் இடத்தை எடுத்தே. இப்ப என் தொண்டையில மிச்சம் இருக்கிறதையும் பையில போட்டுக்கிட்டுப் போக வந்தியா?"

"ஏய், என்ன பேச்சு இது? நான் உன்னைக் கூப்பிடத்தான் நெனச்சேன். அவங்கதான் புது முகம் வேணும்னாங்க."

"உன் முகம் புதுசா?"

"மாப்பிள்ளை, நீங்களாச்சும் சொல்லுங்க."

"நான் மெஷின் ஆளு மச்சான்" என்றான் கணவன். "மனுஷங்களுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்கிறதில்ல."

அண்ணன் செல்போனைக் கீழே இறக்கினான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். கம்பெனிக்காரன் பொறுமை இழந்துவிட்டான், நாளைக்கும் அண்ணன் ஊதத் தொடங்காவிட்டால் வேறு ஆளை வைத்துப் பதிவு செய்துவிடுவான் என்பதெல்லாம் துண்டு துண்டாக வெளியே வந்தது. "சரி, நீயே வந்து உட்காரு. டிரம்ஸ்னு உன் பேரைப் பெரிசாப் போடச் சொல்றேன்."

"மெட்டு?"

"ரெண்டு பேர்னு போடலாம். அண்ணனும் தங்கச்சியும். கேட்கவே நல்லா இருக்குமே."

"பாலத்துல நான் எந்தப் பக்கம் நின்னேன்?"

அவள் மெஷினின் குட்டைக் காலுக்கு அடியிலிருந்த கட்டையைக் காலால் எற்றி வெளியே தள்ளினாள். இத்தனை வருஷத்தில் அந்த மெஷினுக்கு மோட்டார் மாறியிருந்தது, கதவு மாறியிருந்தது; கால் மட்டும் பழையது. வாளியில் ஊறிக் கனத்த விரிப்பை ஒரு பக்கமாகச் சுருட்டித் திணித்து, சுற்றும் பொத்தானை அழுத்தினாள். மெஷின் முனகியது. பிறகு நொண்டத் தொடங்கியது. தட், தட், ததட், ஒரு இழுப்பு, தட்.

அண்ணனின் வலது கை விரல்கள் கால்சட்டையின் மேல் தாமாகவே அசைந்தன. அவனே அதைப் பார்த்துவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டான்.

"இதுதான் உன் ஆறு" என்றாள் அவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்ததால் இப்போது கத்தினாள். "நான் வர்றேன். வாசிக்கிறேன். மெட்டுக்கு ரெண்டு பேர் வேண்டாம், என் பேரை மட்டும் போடு. அப்புறம் அதே ரேடியோவுல போய்ச் சொல்லு. தங்கச்சி வீட்டு வாஷிங் மெஷின்ல வந்த பாட்டுன்னு சொல்லு. அதுல சுத்தினது அப்பாவோட படுக்கை விரிப்புன்னு சொல்லு."

"ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நல்ல பாட்டுதானே, சிரிச்சுட்டுக் கேப்பாங்க."

"அதுக்கில்ல." அவன் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா இங்கே கிடந்தப்போ நான் எங்கே இருந்தேன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அந்தப் பாலத்துக் கதையைக் கேட்டு எத்தனை பேர் அழுதாங்க தெரியுமா? அந்தப் பொண்ணே அழுதா."

"நான் அழலை. நான் துவைச்சேன்."

மெஷின் இடத்தை விட்டு நகர்ந்து சுவரில் இடித்தது. கணவன் ஓடிவந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சுற்று அடங்கி, நொண்டல் மெதுவாகி, கடைசித் ‘தட்’டோடு நின்றது. அறையில் தண்ணீர் வடியும் சத்தம் மட்டும் இருந்தது.

அண்ணன் செல்போனைப் பையில் போட்டான். மறுபடி வெளியே எடுத்தான். சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்தக் குரலில் கேட்டான். "நான் அதைச் சொல்லலைன்னா... நீ வரமாட்டியா?"

அவள் மெஷின் கதவைத் திறந்து, விரிப்பை வெளியே இழுத்து, உதறி, கூடையில் போட்டாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "சொல்லலைன்னா உன் பாலத்துலயே நின்னு ஊது" என்று அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு, கொடி கட்டியிருந்த கொல்லைப்புறத்துக்குப் போனாள்.