இழுப்பறையில் கிடந்த மிளகு

மருத்துவமனையில் என் மேசையின் கடைசி இழுப்பறையில், பழைய ரப்பர் முத்திரைகளுக்குப் பின்னால், மூன்று சிறிய துணி முடிச்சுகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மிளகு. கொல்லிமலையில் தேவனூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியிலிருந்து ஒரு தாய் வருடத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்து தந்தவை. முதல் பறிப்பில் கோயிலுக்கு வைத்தது போக, அடுத்த பிடி எனக்கு என்று அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாங்கிக்கொள்வேன்; வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன். குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் ஒரு பிடி மிளகைக் கண்டு பயந்தேன் என்றால் யாரும் சிரிப்பார்கள்.

அவருடைய மகளை எங்களிடம் கொண்டுவந்தபோது வயது ஐந்து. ரத்தத்தில் கிருமி பரவி, கைகால் சில்லிட்டு, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்கி வருவதற்குள், கையில் ஊசி போட ஒரு ரத்தக்குழாய்கூட அகப்படாத நிலை. கால் எலும்பில் ஊசி இறக்கி மருந்தைத் தொடங்கினோம். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். கழுத்தின் பெரிய சிரை வழியாக இதயத்தின் அருகே ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுபோய் வைக்காவிட்டால் குழந்தை பிழைக்காது.

சிரை எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் அல்ட்ராசவுண்ட் இயந்திரம் வாங்கியிருந்தார்கள். அது பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் நின்றது. நான் விரலால் தடவிப் பார்த்தே குழாய் போட்டுப் பழகியவன். அந்த விரல் மேல் எனக்கிருந்த கர்வம் சொல்லி மாளாது. வலது கழுத்தில் குத்தினேன். கருஞ்சிவப்பாக வரவேண்டிய ரத்தம் பளீரென்ற சிவப்பில் துடித்துத் துடித்து வந்தது. சிரைக்குப் பதில் பக்கத்திலிருந்த தமனியைக் குத்தியிருந்தேன். ஊசியை எடுத்துவிட்டு அழுத்திப் பிடித்தும், கழுத்து எலுமிச்சை அளவுக்கு வீங்கியது.

மலையடிவாரத்துக் காரவள்ளியைச் சேர்ந்த சிஸ்டர் துணியை உருவிப் போட்டுவிட்டு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் கைப்பிடி முனையை இடது கழுத்தில் வைத்துப் பார்த்தேன். திரையில் தமனி மட்டும் துடித்தது; சிரையைக் காணோம். பதற்றத்தில் இன்னும் அழுத்தினேன்.

“சார், அமுக்கறீங்க. கையைக் கொஞ்சம் லேசாப் புடிங்க, வருமுங்க” என்றார் சிஸ்டர்.

இப்படிப்பட்ட குழந்தையின் சிரை லேசாக அழுத்தினாலே தட்டையாகிவிடும். அது எனக்குத் தெரியாததல்ல. பயத்தில் கைக்கு மறந்துவிட்டது. பிடியைத் தளர்த்தினேன். தமனிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விரிந்தது. ஊசிமுனை அதற்குள் இறங்குவதைத் திரையிலேயே பார்த்தேன். குழாய் போனது. மாலைக்குள் ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது. அந்த இயந்திரத்தின் மேல் இப்போது நாங்கள் துணி போர்த்துவதில்லை.

மூன்றாம் நாள், நீலம் பாரித்திருந்த வலது கழுத்தைக் காட்டி, “இந்தப் பக்கம் ஏனுங்க வீங்கியிருக்குது?” என்று அந்த அம்மா கேட்டார். நோயின் வேகம், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். அவர் தலையாட்டினார். மறு வருடம் முதல் முடிச்சு வந்தது.

இந்த வருடம் மருத்துவ முகாமுக்காக நானே மலையேறினேன். அந்தப் பெண் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கழுத்தின் இடப்பக்கம் கடுகளவு தழும்பு. வலப்பக்கம் ஒரு சுவடுகூட இல்லை. அவள் அம்மா நான்காவது முடிச்சை நீட்டினார். எனக்குக் கை நீளவில்லை. அன்று வீங்கியது நோயால் அல்ல, இயந்திரம் இருந்தும் எடுக்காமல் நான் தவறிக் குத்தியதால் என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது.

நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

“தெரியுங்க சார். நான் கேட்ட அன்னைக்கே சிஸ்டர் சொல்லிட்டாங்க. புள்ளை பொழைச்சதும் உங்க கையாலதானுங்க. ரெண்டையும் நான் மறக்கலீங்க.”

நான் முடிச்சை வாங்கிக்கொண்டேன். அவர் சாதாரணமாக அடுத்த பேச்சுக்குப் போனார். “போன வருச மிளகு காரமா இருந்துதுங்களா?”

அதற்கும் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கீழே வந்ததும் நேராக என் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். முதலில் வந்த முடிச்சை அவிழ்த்து ஒரு மிளகைக் கடித்தேன். இத்தனை நாள் கிடந்தும் காரம் போகவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. நான்கையும் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.