துடைத்து வைத்த பொறி

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். தறி ஓட்டினேன், காந்திபுரத்தில் லாட்ஜ் அறைகளைக் கூட்டினேன், வால்பாறையில் தேயிலை மூட்டை ஏற்றினேன். எங்கும் ஆறு மாதம் தாண்டவில்லை. போன ஆடியில் கிடைத்தது, ஊர் ஊராகப் போகிற வேலை. வாளையாற்றிலிருந்து உடுமலை வரை மக்காச்சோளக் காடுகளில் பொறிகள் கட்டியிருந்தார்கள். உள்ளே வைத்த மருந்தின் வாசனைக்கு ஆண் அந்துப்பூச்சிகள் வந்து பைக்குள் விழும். நான் வண்டியில் போய் அவற்றை எண்ணி எழுத வேண்டும். சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவின் அந்துப்பூச்சி பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வெகுதூரம் பயணம் செய்கிறது. எந்த நாளில் எங்கே இறங்கியது என்று வேளாண் ஆபீசில் வரைபடம் போட்டார்கள். இறங்கிய காட்டுக்காரரை உடனே மருந்தடிக்கச் சொல்வார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஓர் அக்காவின் காட்டில் மட்டும் மூன்று தடவையும் பூஜ்யம். மேற்கே அடுத்த காட்டில் பதினொன்று, கிழக்கே ஒன்பது. நடுவில் அவர் காட்டைப் பூச்சி தாண்டிக் குதித்ததுபோல. தென்னை காய்ந்துபோனபின் அந்த ஒன்றரை ஏக்கர் சோளம்தான் அவருக்கு. நான் எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

நான்காம் தடவை வழக்கத்தைவிட வெள்ளனே போய்விட்டேன். அக்கா பொறியின் பையை அவிழ்த்துக் கோழிகளுக்கு உதறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அக்கா, என்னங்க பண்றீங்க?"

"வாங்க தம்பி. நீங்க பாக்க வர்றப்ப செத்த பூச்சியாக் கெடந்தா நல்லாவா இருக்கும்? அதான் கொட்டிப்போட்டுத் தொடச்சு வெப்பனுங்க."

"அதை எண்ணத்தானுங்க நான் வாரேன்."

"எண்ணறதுக்குங்களா! கொல்றதுக்குன்னுல்ல நெனச்சேன்? மூணு வாட்டி மோரைக் குடிச்சுப்போட்டுப் போனீங்களே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"

இருவரும் காட்டுக்குள் இறங்கினோம். அவர் ஒரு குருத்தை விரித்தார். மரத்தூள்போல எச்சம், அதற்கடியில் புழு. அடுத்ததிலும். அங்கிருந்தே ஆபீசுக்குப் போன் செய்தேன். அன்று சாயங்காலம் மருந்தடிக்கிற டேங்க்கை நான்தான் முதுகில் மாட்டினேன். நோட்டில் மூன்று பூஜ்யங்களையும் அடித்துவிட்டு 'தெரியாது' என்று எழுதினேன்.

அடுத்த தடவை பை கனத்துத் தொங்கியது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி எட்ட நின்றார்.

"தொடவே இல்லீங்க. நாத்தம் கொடலப் புடுங்குது. எண்ணி முடிங்க, அப்பறந்தான் மோரு."

மேற்கு ஓரத்தில் பத்துச் சால் பயிர் புழுவுக்குப் போயிற்று. மற்றது கதிர் பிடித்தது.