வெந்நீர்க் குழாயைத் திறக்க மாட்டேன்

கெட்டிலில் பச்சைத் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். வெந்நீர்க் குழாயில் வருவதைப் பிடித்துக் கொதிக்க வைத்த தேநீரை நான் போடவும் மாட்டேன், குடிக்கவும் மாட்டேன். இதைச் சொன்னதற்காக, செனாவாங்கில் என் தம்பி வீட்டில் எனக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். பொருத்தமான பெயர்தான். அதில் திருத்தம் எதுவும் செய்யப்போவதில்லை.

திருத்துவதுதான் என் தொழிலாக இருந்தது. கோலாலம்பூரில் ஒரு நாளிதழில் மற்றவர்கள் எழுதிய செய்திகளைச் செப்பனிட்டு ஓய்வு பெற்றேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. வாடகை அறைகளில் காலம் போயிற்று. ஓய்வுக்குப் பிறகு தம்பி வந்து அழைத்தான். அவன் மகள் பினாங்கில் படிக்கப் போனதால் அவள் அறை காலியாக இருந்தது. வந்துவிட்டேன்.

தம்பி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். அவன் மனைவி நீலாயில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் இருக்கிறாள்; தானே கார் ஓட்டிப் போய் வருகிறாள். சமையல் அவளுடையது, துணி இயந்திரத்துடையது, தோட்டம் தம்பியுடையது. எனக்கென்று கிடைத்த ஒரே வேலை காலைத் தேநீர். விடியுமுன் எழுந்து மூவருக்கும் நான் போடுவேன். அது இல்லையென்றால் நான் அந்த வீட்டில் தங்க வந்த விருந்தாளி. விருந்தாளியாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டியபோது தம்பி கூரைக்கு அடியில் ஒரு ஹீட்டர் தொட்டியை வைத்து, குளியலறைக்கும் சமையலறைக்கும் வெந்நீர்க் குழாய் இழுத்திருந்தான். சமையலறைக் குழாய்க்கு ஒரே பிடி. இடப்பக்கம் திருப்பினால் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணீர். சிவப்பு, நீலப் புள்ளிகள் தேய்ந்து போயிருந்தன. வாடகை அறைகளில் இப்படியொரு குழாயை நான் கண்டதில்லை.

வந்த முதல் நாள், வீட்டில் யாரும் இல்லாத பிற்பகலில், தேநீர் போடப் பிடியை இடப்பக்கம் திருப்பினேன். சூடாக வந்தது. ஆறட்டும் என்று திறந்துவிட்டுக் காத்திருந்தேன்.

லுக்குட்டுக்கு அருகில் நாங்கள் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் அதுதான் பழக்கம். தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருந்தது. அங்கிருந்து இரும்புக் குழாய் தரைமேலேயே ஓடி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு வந்தது. மதிய வெயிலில் குழாய் காய்ந்து கிடக்கும். திறந்தால் முதலில் வருவது கை வைக்க முடியாத சூடு. அதற்கு வெயில் தண்ணி என்று பெயர். அதில் சட்டி கழுவுவார்கள், சாக்கு அலசுவார்கள். குடிக்கும் தண்ணீருக்கான குடம் குழாயடிக்கு வருவது, கையில் குளிர்ச்சி தட்டிய பிறகுதான். காரணம் யாரும் சொன்னதில்லை. சூடாக வந்தால் கொஞ்சம் பொறுத்தால் ஆறிவிடும் என்பது எங்கள் எல்லோருடைய கைக்கும் தெரியும்.

தம்பி வீட்டில் பொறுத்தேன். ஆறத்தான் செய்தது. ஹீட்டர் தொட்டி முழுவதும் காலியான பிறகு. அன்று மாலை வேலைவிட்டு வந்த தம்பி மனைவி, தலைக்கு ஷாம்பு போட்ட பிறகு குளிர்ந்த தண்ணீரில் நின்றாள். துண்டு கட்டிய தலையோடு வந்து, குழாயை எப்படித் திருப்புவது என்று பொறுமையாகக் காட்டினாள். காட்டிவிட்டு, கெட்டிலுக்கு இடப்பக்கமே நல்லது, பாதிச் சூடு ஏற்கெனவே ஏறியிருக்கும், சீக்கிரம் கொதிக்கும் என்றாள்.

மறுநாள் நான் வலப்பக்கம் திருப்பினேன். அதற்கு அடுத்த நாளும்.

அவள் வாதத்தில் வலு இருந்தது. அதை மறைத்து எழுதுவது சரியல்ல. கொதிக்க வைக்கப்போகும் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் என்ன என்று கேட்டாள். கொதித்தால் கிருமி சாகும், சரி. ஆனால் தொட்டியின் உலோகத்திலிருந்து சூட்டில் கரைந்தது கொதித்தால் போய்விடாது; தண்ணீர் வற்றுமே தவிர அது வற்றாது என்றேன்.

"வெளிய பில்டர் போட்டிருக்குல்ல அக்கா."

"பில்டர் வாசல்ல இருக்கு. தொட்டி அதுக்கப்புறம் இருக்கு."

"நாங்க இவ்வளவு நாள் குடிச்சோம்லா. எங்களுக்கு என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. அதையும் ஒப்புக்கொண்டேன். ஒன்றும் ஆகாததால் ஒன்று சரியாகிவிடாது என்று சேர்த்துச் சொன்னேன். அவள் என் தம்பியைப் பார்த்தாள். அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நானும் அவனைப் பார்த்தேன். எஸ்டேட் குழாயடியில் என் பக்கத்தில் நின்று வெயில் தண்ணியில் காலைச் சுட்டுக்கொண்டவன் அவன். கயிற்றை முன்பைவிடக் கவனமாகக் கட்டினான்.

பிறகு ஹீட்டரைச் சுத்தம் செய்ய ஆள் வந்தார். தொட்டியின் அடியைத் திறந்து ஒரு வாளியில் தண்ணீரை இறக்கினார். அது பழுப்பாக வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தெளிவாகத்தான் வந்தது. "பாத்தீங்களா" என்றாள் தம்பி மனைவி. வாளியை அசைக்காமல் விட்டுப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி தங்கியது, கோப்பையில் கரையாத பால் மாவுபோல. "பார்த்தேன்" என்றேன். அவள் மேலே இருந்ததைப் பார்த்தாள், நான் கீழே இருந்ததைப் பார்த்தேன். வந்தவர் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சிரிப்பை விட்டுவிட்டு லோரியில் ஏறிப் போனார்.

தம்பி வாளியை வெளியே தூக்கிப் போய்க் கறிவேப்பிலைச் செடியில் சாய்க்கப் போனான்.

"அதுல ஊத்தாதீங்க" என்றாள் அவள்.

ஏன் என்று அவன் கேட்டான். சூடாக இருக்கும், வேர் வெந்துவிடும் என்றாள். நான் விரலை விட்டுப் பார்த்தேன். ஆறிப்போயிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்குக் கோபம் என்று நினைக்கிறேன். அன்றிரவு சாப்பாட்டு மேசையில், "நாளையிலேர்ந்து காலையில டீ நானே போட்டுக்கிறேன் அக்கா. நீங்க தூங்குங்க" என்றாள். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கறையாகவே சொன்னாள். என் கையிலிருந்து அந்த வீட்டை வாங்கிக்கொள்வதற்கு அதைவிட நல்ல வாக்கியத்தை நானே எழுதிக்கொடுத்திருக்க முடியாது.

தூங்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு எழுந்து போனேன். அவள் எனக்கு முன்பே எழுந்து கெட்டிலை நிரப்பி, அப்போதுதான் பொத்தானை அமுக்கிவிட்டு, அதன்மேல் கண்ணாக நின்றுகொண்டிருந்தாள். கெட்டிலின் வெளிப்பக்கத்தைத் தொட்டேன். அதற்குள் அவ்வளவு சூடு ஏற வழியில்லை. எடுத்தேன், கழுவுதொட்டியில் கவிழ்த்தேன், பிடியை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தேன், மறுபடி பொத்தானை அமுக்கினேன். இவ்வளவையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு பஸ் வந்துரும் அக்கா."

"வரட்டும்."

தம்பி பூட்ஸோடு வந்து வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றான். தொழிற்சாலை பஸ் முனையில் திரும்பும் சத்தம் கேட்டது. அது ஹாரன் அடித்தது. வெறும் வயிற்றோடு ஓடியிருக்கலாம். பல நாள் ஓடியிருக்கிறான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவன் கெட்டிலைப் பார்த்தான், எங்கள் இருவரையும் பார்த்தான், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"பஸ் போகட்டும். மோட்டார்ல போயிக்கிறேன். அக்கா டீ போடட்டும்" என்றான்.

பஸ் போயிற்று. பச்சைத் தண்ணீர் கொதிக்கும்வரை மூவரும் காத்திருந்தோம். அதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகத்தான் ஆகிறது. அந்தக் கணக்கில் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. மூன்று கோப்பை எடுத்து வைத்தேன். அவள் நின்றபடியே ஒரு வாய் குடித்தாள்.

"சீனி பத்தல அக்கா" என்றாள்.

டின்னை அவள் பக்கம் நகர்த்தினேன். தம்பி மோட்டார் சைக்கிளில் போக மழைக்கோட்டைத் தேடப் போனான். கெட்டிலைக் கழுவி, நாளைக்கு என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.