பால் வியாபாரத்தைக் கெடுத்த புரோட்டீன் பவுடர்

எடையைக் குறைக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தபோது, அதனால் எங்கள் மாடுகளுக்குக் கெட்ட பெயர் வரும் என்று நினைக்கவில்லை.

பாகூருக்கும் ஏம்பலத்துக்கும் நடுவே எங்கள் ஊர். அப்பா நெல்லையும் கரும்பையும் பார்த்துக்கொள்கிறார். அம்மா மாடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். நான் தினமும் வண்டியில் மதகடிப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலைக்குப் போகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். காலேஜும் முடித்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. யூரியா மூட்டை, மாட்டுத் தீவனம், காய்ச்சல் மாத்திரை என்று எது வந்தாலும் அதன் மேல் எழுதியிருப்பதை நான் படித்துச் சொன்ன பிறகுதான் பிரிப்பார்கள். என்னைப் படிக்க வைத்தது அம்மாவின் பால். காலையும் மாலையும் தெருக்காரர்கள் சொம்போடு வந்து எங்கள் கொட்டகை ஓரம் நின்று வாங்கிப் போவார்கள். தன் பாலில் தண்ணீர் கலந்ததாக ஒருவர்கூடச் சொன்னதில்லை என்பதுதான் அம்மா வாழ்க்கையில் வாங்கிய பட்டம்.

கம்பெனியில் உட்கார்ந்தே வேலை பார்த்ததில் சுடிதார் இறுகி, நானும் நாற்காலி மாதிரி அகலமாகிவிட்டேன். ஒரு நாள் அங்கே மருத்துவ முகாம் நடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை வாசல் வரை வந்து நிற்கிறது, எடையைக் குறைத்தால் அப்படியே திரும்பிப் போய்விடும் என்றார். சோற்றைக் குறை, புரோட்டீனைக் கூட்டு என்றும் சொன்னார். பக்கத்து சீட்டுத் தோழி உடனே முட்டையின் வெள்ளைக் கருவைப் பற்றி ஒரு பாடம் எடுத்தாள். அவளுக்கு எங்கள் வீட்டைப் பற்றித் தெரியாது. அப்பாவின் அப்பா ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் போய் வந்து அசைவத்தை விட்டார். அவர் விட்டதும் வீடே விட்டது. எங்கள் வாசலுக்குள் முட்டை வராது. பிறந்தநாள் கேக் வந்தால்கூட முதலில் விசாரணை, பிறகுதான் மெழுகுவத்தி.

சுண்டலை நம்பிக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தேன். ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திய ஆபீசில் சுண்டலை நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அடுத்த சம்பளத்தில் மதகடிப்பட்டுக் கடையில் ஒரு பெரிய டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கினேன். கடைக்காரர் தம்பிக்கா என்று கேட்டார். தம்பி இல்லை என்றேன். அப்படியென்றால் அண்ணனுக்கா என்றார்.

வீட்டில் டப்பாவை நடுவில் வைத்து, பச்சைப் புள்ளியைக் காட்டி, மேலே இருந்ததை முழுவதும் படித்துச் சொன்னேன். பாலிலிருந்து எடுப்பது, முட்டை கிடையாது, தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அம்மா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, பாலிலிருந்து தூளை எடுத்து, அதை மறுபடியும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதற்குப் பாலையே குடித்துவிட்டுப் போகலாமே என்றாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. நீளமான பதில். பாதியில் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

டப்பாவோடு ஒரு ஷேக்கரும் வந்தது. உள்ளே சுருள் கம்பியில் ஒரு பந்து. குலுக்கினால் தகரத்தில் கோலிக்குண்டு போட்டது மாதிரி சத்தம். இரவெல்லாம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து தூங்கும் அப்பாவை எழுப்பக் கூடாதென்று, காலையில் நான் கொட்டகைப் பக்கம் போய்க் குலுக்குவேன். சரியாக அதே நேரத்தில்தான் பால் வாங்குகிறவர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் கண்ணெதிரே நான் பாட்டிலைக் குலுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்கில் குடித்து, முகத்தைச் சுளிப்பேன். சாக்லேட் சுவை என்று டப்பா சொன்னது. சாக்பீஸ் சுவை என்று என் நாக்கு சொன்னது.

எதிர் வீட்டு அத்தை கேட்காமல் இருப்பாரா? சொந்த அத்தை இல்லை, தெருவுக்கே அத்தை. என்ன குடிக்கிறாள் உன் மகள் என்று அம்மாவிடம் கேட்டார். நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் உடம்பைக் குறைக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். அம்மாவால் அதைச் சொல்ல முடியவில்லை. பால் வீட்டில் பிறந்த பெண் வேண்டுமென்றே இளைக்கிறாள் என்று எப்படி ஊருக்குச் சொல்வது? கௌரவமாக ஒரு பதிலைத் தேடி, டாக்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

அத்தையின் மாமனாருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஒரு டப்பா எழுதிக் கொடுத்திருந்தார்களாம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு டப்பாவிலிருந்து வந்தது. நான் இரவில் சோறு சாப்பிடாதது பத்தியம் ஆனது. காலையில் ஏரிக்கரையில் நடந்தது டாக்டர் சொன்ன காற்று வாங்கல் ஆனது. சுடிதார் தொளதொளவென்று ஆனது எனக்குக் கிடைத்த வெற்றி. அவர்களுக்கு அதுதான் சாட்சி.

முதலில் அத்தை சாத்துக்குடியும் ஒரு பாட்டில் மால்ட் பவுடரும் வாங்கிக்கொண்டு வந்தார். உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற அதே பாட்டில். நோயின் பெயரை அவர் கேட்கவில்லை. பெயரைக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. என் கையைத் தடவிக் கொடுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்றார். எது சரியாகும் என்று நான் கேட்டதற்கு, அம்மாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து வந்தவர் கையில் பிரெட். அதற்கடுத்து வந்தவர் கையில் கிரீம் பிஸ்கெட்டும் திராட்சையும். ஒரு சித்தி, தன் கொழுந்தனாரும் இப்படித்தான் பவுடரைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார், பாவம் தங்கமான மனிதர் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வந்ததையெல்லாம் அப்பா டீயில் தோய்த்துச் சாப்பிட்டார். இந்த வீட்டில் அந்தக் காலத்தில் எடை கூடியது அவருக்குத்தான்.

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான். பிறகு ஒரு நாள் அம்மாவின் கேனில் பால் மிஞ்சியது.

ஒரு வீட்டில் பிள்ளைகள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டார்களாம். இன்னொரு வீட்டில் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார்களாம், டீ கெட்டியாக வருகிறதாம். வழக்கமாகக் கொட்டகை வரை வந்து கதை பேசுகிற ஒரு அக்கா, தன் வீட்டுக்காரரை அனுப்பினார். அவர் கேட்டுக்கு வெளியே நின்று சொம்பை நீட்டினார். ஊர் எனக்கு டி.பி. என்று முடிவு கட்டியிருந்தது. அந்த நோய் வந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். ஆனால் எனக்கு அது இல்லை. மாட்டுக்கும் இல்லை. நான் பால் கறப்பதுகூட இல்லை, மாடு என்னை மதிக்காது.

மிஞ்சிய பாலை அம்மா தயிராக்கினாள். தயிர் மிஞ்சி வெண்ணெய் ஆனது, வெண்ணெய் மிஞ்சி நெய் ஆனது. எடை குறைக்கிறவள் இருக்கிற வீட்டில் எந்தப் பாத்திரத்தைத் திறந்தாலும் நெய். அம்மா யாரையும் திட்டவில்லை. கேனைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

படித்தவள் நான், விளக்கிச் சொன்னால் புரியாதா என்று கிளம்பினேன். முகாமில் கொடுத்த ரத்த ரிப்போர்ட்டை அத்தையிடம் எடுத்துப் போய் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலமே, ரிப்போர்ட் வரைக்கும் எடுத்தாகிவிட்டதாம் என்று செய்தி தெருக்கோடி போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஓடிக் காட்டலாம் என்று ஏரிக்கரையில் ஓடினேன். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. அதையும் பார்த்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் பின் தெருவில் ஒரு வீட்டில் புதுமனை புகுவிழா வந்தது. நான் எப்போதும் போல மொய்யை அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் வெள்ளரிக்காய் தின்பதாக இருந்தேன். முதல் நாள் சாயங்காலம் அம்மா வந்து எதிரில் நின்றாள்.

"நாளைக்கு நீயும் வர்ற. மொத பந்தியில உக்கார்ற."

"அம்மா, அங்க எல்லாம் எண்ணெயும் சக்கரையும். டாக்டர் இன்னா சொன்னாருன்னு…"

"ஒன் டாக்டரா வந்து எங்கிட்ட பால் வாங்கப் போறாரு? ஊரே பாக்கணும், அந்த மாதிரி சாப்புடு. வூட்டுக்கு வந்து எத்தினி நாள் வேணும்னாலும் பட்டினி கெட."

அவ்வளவு வருடம் பால் விற்றுப் படிக்க வைத்தவள் கேட்டது ஒரு வேளைச் சாப்பாடு. ஷேக்கரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அம்மா என்னை நடு வரிசையில், நடு நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிர் வரிசையில் எதிர் வீட்டு அத்தை. தெருவில் மட்டுமல்ல, பந்தியிலும் அவர் எதிரில்தான். என் பக்கத்து நாற்காலி மட்டும் கொஞ்ச நேரம் காலியாகவே இருந்தது. கடைசியில் வெளியூர்க்காரர் ஒருவர், விஷயம் தெரியாமல், வந்து உட்கார்ந்தார்.

இலை நிறைந்தது. கேசரி, வடை, உருளைக்கிழங்கு வறுவல், வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, அப்புறம் சோறு, பூசணிக்காய் சாம்பார். நான் கேசரியில் ஆரம்பித்தேன். இத்தனை வாரம் அடக்கி வைத்திருந்த நாக்கு அந்த நெய் பட்டதும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஊருக்காகச் சாப்பிட உட்கார்ந்தவள், சாம்பார் வருவதற்குள் எனக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் நின்று யாரோ ஒரு பாட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல ஊற்றிக்கொண்டே, பரிமாறுகிறவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள். வடை வைக்கிறவர் என்னைத் தாண்டவே இல்லை. அத்தை தன் இலையை விட்டுவிட்டு என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ரசம் வந்தது. அவசரத்தில் ஒரு வாய் தவறான பக்கம் இறங்கிவிட்டது.

இருமல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சர்க்கரையாவது வாசலில்தான் நின்றது, இது கதவையே தள்ளியது. இந்தப் பந்தியில் ஒரு இருமல் போதும், மிச்சம் இருக்கிற பால் வாங்குகிறவர்களும் பாக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். வாயை இறுக மூடிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கு எரிந்தது. எதிர் வரிசையில் கைகள் இலையிலேயே நின்றன. பின்னால் அம்மா பாட்டியின் டம்ளர் நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாடி கண்ணு, கண்ணு கலங்குது?" என்றார் அத்தை.

நான் மெதுவாக எச்சிலை விழுங்கினேன். இருமல் கீழே இறங்கியது.

"ரசம் காரம் அத்தே," என்றேன்.

உடனே சமையல்காரர் அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். இருபது ஊரில் சமைத்திருக்கிறார், ஒருவரும் அவர் ரசத்தைக் காரம் என்று சொன்னதில்லையாம். அவரைச் சமாதானப்படுத்த இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக் குடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. வரிசையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வாய் குடித்து, காரம்தான், காரமில்லை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்தச் சண்டையில் என்னை மறந்துவிடுவார்களோ என்று பயந்து, பாயாசம் கொண்டு வந்தவரைக் கூப்பிட்டு, கப்பில் வேண்டாம், இலையிலேயே ஊற்றுங்கள் என்றேன். ஊற்றினார். அதில் ஒரு அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, வழித்துச் சாப்பிட்டேன். நோயாளி அப்படிச் சாப்பிட முடியாது. அத்தையே நிம்மதியாகத் தன் இலைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலை என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை. வயிறு இன்னும் பந்தலிலேயே இருந்தது. கொட்டகைப் பக்கம் குரல் கேட்டு எழுந்து போனேன். எதிர் வீட்டு அத்தை சொம்போடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பாக்கெட் பால் வீட்டுக்காரம்மாவும். டீ கெட்டியாக வந்ததைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

அத்தை என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"ஒரு வேளை சோறு தின்னதுக்கே ஒடம்பு எப்பிடித் தேறிப்போச்சு பாரு. கன்னமெல்லாம் உப்பி, நல்லா குண்டாயிட்ட."

இத்தனை வாரம் சாக்பீஸைக் கரைத்துக் குடித்தவள் நான். அம்மாவைப் பார்த்தேன். நான் டிகிரி வாங்கிய அன்றைக்குக்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை. அத்தையின் சொம்பில் அளந்து ஊற்றியதற்கு மேல் இன்னொரு கரண்டி கொசுறு ஊற்றினாள். நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"இன்னா அவசரம்? இங்கியே நில்லு," என்றாள் அம்மா. இன்னும் பின் தெருக்காரர்கள் வர வேண்டியிருந்தது.

கேன் காலியாகும் வரைக்கும், என்னால் முடிந்த அளவுக்குக் குண்டாக, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.