ரசூல் பாயின் சுற்று நோட்டு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரசூல் பாயின் தையல்கடை. முன்னால் கடை, பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வீடு. அவருடைய மனைவி ஜாஹிதா அக்காவோடு உட்கார்ந்து நான் காஜா எடுப்பேன், பொத்தான் கட்டுவேன். ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டதிலிருந்து எனக்கு அதுதான் வேலை. பாயிடம் நான் நேராகப் பேசியது குறைவு. ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் காதில் விழும்.

அதிகம் விழுந்தது ரேடியோதான். பாயின் மிஷினுக்குப் பக்கத்தில் நான்கு பேண்டு ரேடியோ ஒன்று இருந்தது. இலங்கை, மணிலா, மாஸ்கோ, பீக்கிங், லண்டன் என்று எங்கெங்கிருந்தோ சிற்றலையில் வரும் தமிழ் நிகழ்ச்சிகளை அவர் தேடித் தேடிக் கேட்பார். எந்த மீட்டர் அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி அனுப்பினால் அந்த நிலையங்கள் வண்ண அட்டை அனுப்பும். கால்சட்டை அளவு எழுதிய சீட்டுகளோடு அந்த அட்டைகளும் சுவரில் தொங்கும்.

அவரைப்போல் கேட்கிறவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பாயோடு பத்தொன்பது. நேயர் மன்றம் என்று சொல்லிக்கொண்ட இவர்களைச் சேர்த்து வைத்திருந்தது ஒரு தடித்த நோட்டு. அது தபாலில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். கையில் கிடைத்தவர் மூன்று நாள் வைத்திருந்து, கேட்டதை எழுதி, பின்னட்டையில் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டில் தன் பெயரை அடித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய மூன்று மாதம். எங்காவது நின்றுபோனால் பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போவார். கிழிந்தால் ஒட்டுவார், புதியவர்கள் கடிதம் எழுதினால் பதில் போடுவார், நிலையங்கள் அலைவரிசையை மாற்றினால் முதல் பக்கத்தில் திருத்துவார். பதினோரு வருடம் இதை அவர் ஒருவரே செய்தார்.

எண்பத்தைந்தாம் வருடம் கார்த்திகையில், அரபு நாட்டில், தம்மாமில் இருந்த அவர் மச்சானிடமிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு தையல்கடையில் இடம் இருக்கிறது, அடுத்த ஆவணிக்குள் வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. ஜாஹிதா அக்கா அன்று சேமியா பாயசம் காய்ச்சினார். பாய் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, நோட்டை எடுத்துப் பின்னட்டையின் பெயர்ச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய்விட்டால் நோட்டை யார் அனுப்புவது?

அந்தச் சுற்றில் அவர் ஒரு முழுப் பக்கம் எழுதினார். தான் ஊரை விட்டுப் போகப்போவதாகவும், மன்றத்தை நடத்த ஒருவரை அவர்களே முன்மொழிய வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

மாசியில் நோட்டு திரும்பியது. அக்காவுக்கு வேகமாகப் படிக்க வராது, அதனால் வேலைக்கு நடுவே நான்தான் வாசிப்பது வழக்கம். தொண்டூர் கோவிந்தசாமி வாத்தியார் வழக்கம்போல் நான்கு பக்கம் எழுதியிருந்தார். மன்றம் தொடர வேண்டும், மேல்சித்தாமூர் ஜெயராமனை முன்மொழிகிறேன் என்று முடித்திருந்தார். அடுத்தவர் வழிமொழிகிறேன் என்று எழுதி, தன் பங்குக்கு வாத்தியாரை முன்மொழிந்திருந்தார். அதன்பின் வந்தவர்கள் இரண்டையும் வழிமொழிந்திருந்தார்கள். ஒருவராவது நான் செய்கிறேன் என்று எழுதவில்லை.

பாய் தொண்டூருக்கு நேரிலேயே போனார். வாத்தியார் மோர் கொடுத்து, மன்றத்தின் அருமையை ஒரு மணி நேரம் பேசி, பஸ் ஏற்றி அனுப்பினாராம்.

“பதினெட்டு பேருக்கும் மன்றம் வேணுமாம். நடத்தறவன் மட்டும் பக்கத்து ஊர்ல இருக்கணுமாம்,” என்று பாய் அக்காவிடம் சொன்னார். சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்தார். நிகழ்ச்சி பாதியில் இருந்தது. அவர் அப்படி அணைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் நோட்டைப் பரணில் போடச் சொன்னார். நான் அதைத் துணியில் சுற்றும்போது பைண்டிங்கைப் பார்த்தேன். நோட்டின் முதுகில் பாய் போட்டிருந்த தையல் இல்லை. சணல் கயிற்றால், நெல் மூட்டையின் வாயைத் தைப்பதுபோல் யாரோ கோணித் தையல் போட்டிருந்தார்கள். பிரிந்த ஏடு ஒன்றுகூட இல்லாமல் இறுக்கமாக இருந்தது. யாரிடம் போய்வந்த பிறகு எழுத்து அந்தத் தையலுக்கு இடம்விட்டு நிற்கிறது என்று புரட்டினேன். மண்டகப்பட்டு இளையபெருமாளிடம் போய்வந்த பிறகு. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர் அவர். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டே வரிதான் எழுதுவார்: “கேட்டேன். தெளிவாக இருந்தது.”

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஜெயராமன் பக்கங்களில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வட்டம் வரைந்து, கடிகாரம்போல் நேரம் குறித்திருக்கும். அழகாக இருக்கும். ஆனால் எல்லா வட்டத்திலும் பென்சில் ஓரிடத்தில் மட்டும் துள்ளியிருந்தது. என் கையைப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடி வளையலில் ஒட்டு இருக்கும் இடம் அப்படித்தான் மேடாக இருக்கும். இது வளையலை வைத்து வரைந்த வட்டம்.

இரண்டையும் அக்காவிடம் காட்டினேன். ஒருவர் யாரும் சொல்லாமலே தைக்கிறார், ஒருவர் யாரும் சொல்லாமலே வரைகிறார், பாய் அவர்களைக் கேட்கவே இல்லையே என்றேன். அக்கா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீயே அவரிடம் சொல்லேன் என்றார். நான் நோட்டைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டின்போது அக்கா பாயிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“ஏங்க, நம்ம கடையில ஒருத்தரே வெட்டி, தச்சி, காஜா எடுத்து, இஸ்திரியும் போட்ட சட்டை எதனா இருக்குதா?”

“ஏன், இன்னா இப்ப?”

“நோட்டை மட்டும் முழுசா ஒருத்தன் தலையில கட்டப் பாக்கறீங்களே.”

 சாப்பிட்டு முடித்து, பரணிலிருந்து நோட்டைப் பாயே எடுத்தார்.

சித்திரையில் மண்டகப்பட்டுக்குப் போனார். இளையபெருமாள் நோட்டைக் கண்டதும் பயந்துவிட்டாராம். “பிரிஞ்சி போயிட்சா பாய்? ஆலையில இருந்த கவுறுதான். நல்ல நூலு வாங்கித் தச்சித் தரேன்,” என்றாராம். தைப்பதும், நோட்டு எங்காவது நின்றால் தேடி வாங்குவதும் மட்டும் உங்கள் வேலை என்று பாய் சொன்னார். ஆலை லாரி எல்லா ஊருக்கும் போகிறதே, அதில் என்ன இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மேல்சித்தாமூரில் ஜெயராமனிடம் வட்டங்களைப் பற்றிக் கேட்டபோது அவர் உள்ளே திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “ரேடியோ அவளுது பாய். பேருதான் என்னுது.” அவர் மனைவி தைலம்மாள் கதவோரம் நின்று, பெயர்ச் சீட்டு எழுதுவதையும் சுற்றைத் தொடங்கி அனுப்புவதையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் சீட்டில் என் பெயரைத்தான் போடுவேன் என்றார்.

கோவிந்தசாமி வாத்தியாரிடம் புதியவர்களுக்குப் பதில் எழுதும் வேலையை மட்டும் பாய் கேட்டார். “அவ்ளோதானா? அதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?” என்றாராம் வாத்தியார்.

அலைவரிசை மாற்றம் எழுதும் முதல் பக்கம் மீதியிருந்தது. நாள் முழுக்க ரேடியோ பக்கத்தில் இருக்கிறவர் வேண்டும் என்று பாய் யோசித்தார்.

“அத ரஞ்சிதம் எழுதும். ரேடியோவும் நானும் இங்கதான இருக்கப்போறோம்,” என்றார் அக்கா தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து.

என் பெயரைக் கேட்டதும் எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.  பாய் தன் பேனாவைத் தடுப்புக்கு மேலாக நீட்டினார்.

வைகாசியில் நோட்டு மேல்சித்தாமூரிலிருந்து கிளம்பியது. இந்தச் சுற்றில் தான் எதையும் தொடப்போவதில்லை என்று பாய் சொல்லிவிட்டார். அவர் பெயர் சீட்டில் கடைசி. ஆவணி முதல் வாரம் அவருக்குப் பயணம். அதற்குள் நோட்டு வந்து சேர்ந்தால் மன்றம் நிலைக்கும், வழியில் கிடந்தால் அவ்வளவுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆடி பாதியாகியும் தகவல் இல்லை. பாய் ஒரு நாள் சைக்கிளுக்குக் காற்றடித்தார்.

“தம்மாம்லருந்தும் சைக்கிள்லயே வருவீங்களா?” என்று அக்கா கேட்டார்.

பாய் பம்பைக் கீழே வைத்தார். அன்று முழுக்க எல்லோர் மீதும் எரிந்து விழுந்தார். ஒரு கால்சட்டையின் நீளத்தைத் தவறாக வெட்டினார்.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தபால்காரர் வந்தார். பாய் உறையைக் கத்தரியால் நறுக்கினார். சீட்டில் பதினெட்டுப் பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. முதல் பெயர் தைலம்மாள். நடுவே ஓரத்தில் கோணல் எழுத்தில் ஒரு குறிப்பு: “கல்யாண வீட்டில் பன்னிரண்டு நாள் கிடந்தது. லாரியில் போய் வாங்கினேன். மேலட்டையும் மாற்றினேன். இளையபெருமாள்.” வாத்தியார் ஆறு பக்கம் எழுதியிருந்தார். அவற்றின் கடைசியில், அடுத்த சுற்றுக்குச் சேர்க்கப் புதிதாக இரண்டு பேரின் பெயர்களைக் குறித்திருந்தார்.

சீட்டில் அடிக்காமல் இருந்த ஒரே பெயர் ரசூல். அதற்கு எதிரே மூன்று நாள் என்று எல்லோருக்கும்போல் போட்டிருந்தது.

“மூணு நாளுக்கு மேல வச்சிக்கக் கூடாதாம் ஜாஹிதா,” என்று பாய் சிரித்தார்.

அன்று சாயங்காலம் ரேடியோவைத் திறந்து, கொரகொரப்பு அடங்கும்வரை முள்ளை மெல்லத் திருப்பினார். முழுதும் கேட்டார். பதினோரு வருடம் பக்கம் பக்கமாக எழுதியவர், அன்று இரண்டே வரி எழுதினார்.

“கேட்டேன். தெளிவாக இருந்தது.”

தன் பெயரை அடித்துவிட்டு, முதல் பக்கம் திருத்த வேண்டியிருக்கிறதா என்று கேட்டபடி நோட்டைத் தடுப்புக்கு மேலாக என்னிடம் கொடுத்தார். மணிலா மீட்டர் மாறியிருக்கிறது பாய் என்றேன். நான் அவரிடம் நேராகச் சொன்ன முதல் பெரிய வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.